ட்ரஸ்டா, கம்பனியா? வன்னியில் இருந்து சில கேள்விகள்

ஒட்டுசுட்டானில் இருந்து: ஐயா, கனடாவில் இருக்கிற எங்கள் ஊர்ப் பிள்ளைகள் மாலைப் படிப்பகத்துக்குக் காசு அனுப்புகிறார்கள். ட்ரஸ்ட் எழுதுவதா, கம்பனி பதிவதா?

காசு யார் கையில் நிற்கப் போகிறது என்பதை முதலில் முடிவு செய்யுங்கள் தம்பி. ட்ரஸ்ட் என்றால், இலங்கையின் 1917ஆம் ஆண்டு நம்பிக்கைப் பொறுப்புக் கட்டளைச் சட்டப்படி சொத்து பொறுப்பாளர் பெயரில் நிற்கும், பயன் பிள்ளைகளுக்குப் போகும். பொறுப்பாளர் தவறினால் தன் சொந்தக் காசில் ஈடு கட்ட வேண்டும். கம்பனி என்றால் சட்டத்துக்கு அதுவே ஓர் ஆள். தன் பெயரில் காணி வாங்கும், வழக்காடும். இலாபம் பிரிக்காத வேலைக்கு 2007ஆம் ஆண்டுக் கம்பனிச் சட்டத்தில் உத்தரவாதக் கம்பனி இருக்கிறது; பங்கு இல்லை, கம்பனி மூடினால் இவ்வளவு தருவோம் என்று உறுப்பினர்கள் வாக்குக் கொடுப்பார்கள். ஆனால் வருடாவருடம் கணக்காய்வு, படிவம் என்று அலைச்சல். ஒரு படிப்பகத்துக்கு ட்ரஸ்ட் போதும் என்பேன்.

துணுக்காயில் இருந்து: அம்மாவின் பேர்மிட் காணியில் அரை ஏக்கரை முன்பள்ளிக்கு எழுதிக் கொடுக்கலாமா?

காணியை ட்ரஸ்டில் வைக்க நொத்தாரிசு எழுதும் உறுதி, அதாவது காணிப் பத்திரம், வேண்டும், இல்லையென்றால் மரண சாசனம். ஆனால் பேர்மிட் அரசாங்கம் தரும் அனுமதிப் பத்திரம்தான், உறுதி அல்ல, அக்கா. நிலம் இன்னும் அரசாங்கத்துடையது. நொத்தாரிசு எழுதித் தந்தாலும் அந்த எழுத்து நிற்காது. போன மாதம் ஒரு அம்மா பிளாஸ்டிக் உறையில் பேர்மிட் கொண்டு வந்தார். 2009இல் நனைந்த தாள்; மை நீலமாய் ஊறி, முத்திரையின் வட்டம் மட்டும் தெரிந்தது. அவருக்குச் சொன்னதுதான் உங்களுக்கும்: பிரதேச செயலகக் காணிக் கிளையில் பதிவைப் பாருங்கள், அப்புறம் முன்பள்ளிக்கு என்ன செய்யலாம் என்று அங்கேயே எழுத்தில் கேளுங்கள்.

முள்ளியவளையில் இருந்து: அரிசி ஆலைக் கம்பனி விழுந்தால் என் வீடு போகுமா?

போகாது, வங்கிக்குச் சொந்தப் பிணை வைத்திருந்தால் ஒழிய. வைத்திருப்பீர்கள், வங்கி விடாது.

பூநகரியில் இருந்து: கோயில் பரிபாலன சபை மூன்று வருடமாகக் கணக்குக் காட்டவில்லை.

கேட்டால் 'சாமி காரியம்' என்பார்கள், தெரியும். கோயிலில் உரித்துள்ள ஐந்து பேர் சேர்ந்தால் மாவட்ட நீதிமன்றம் போகலாம். அதற்கு முன் அரசாங்க அதிபரிடம் மனுக் கொடுத்து விசாரணை கேட்க வேண்டும். இந்தப் படியைத் தாண்டினால் வழக்கு எடுபடாது. ஐந்தாவது ஆளைப் பிடிப்பதுதான் கஷ்டம். எல்லாரும் சொந்தக்காரர்.

கிளிநொச்சியில் இருந்து: எங்கள் கம்பனி பாடசாலைக்குக் கொப்பி கொடுத்துப் படம் போடுகிறது. எங்களுக்கு ஆறு மாதமாக ஈ.பி.எஃப். (ஊழியர் சேமலாப நிதி) கட்டவில்லை.

கொப்பி கொடுப்பது அவர்கள் விருப்பம், தங்கச்சி. இந்தியாவில் பெரிய கம்பனிகள் சராசரி இலாபத்தில் 2 வீதத்தைச் சமூக வேலைக்குச் செலவிட வேண்டும் என்று 2013ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. இங்கே அப்படியொரு கட்டாயம் இல்லை. சேமலாப நிதி விருப்பம் அல்ல: உங்கள் சம்பளத்தில் 8 வீதம், அவர்கள் போடுவது 12. ஈ.டி.எஃப். (ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதி) 3 வீதம் தனியாக, அதை உங்களிடம் கழிக்கவே கூடாது. சம்பளச் சிட்டையில் 8 வீதம் கழித்திருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள். கழித்திருந்தால் ஆறு சிட்டையையும் எடுத்துக்கொண்டு தொழில் அலுவலகத்துக்குப் போங்கள். தனியாகப் போகாமல் உங்களோடு வேலை செய்கிற இன்னும் இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு போங்கள்.