இலக்கியம் படித்தவர், வங்கிக்குப் போனவர், நாட்டை ஆண்டவர்

அன்புச் சகோதரிக்கு வணக்கம்.

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். மகளுக்கு இலக்கியம் படிக்க ஆசை. உங்கள் வீட்டுக்காரர் பி.காம். சேர்த்துவிட்டு வங்கித் தேர்வுக்குத் தயார் செய்யலாம் என்கிறார். இதற்கு நடுவில் அவள் ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டே "பின்னால அரசியலுக்குப் போவேன்" என்று சொல்லிவிட, அன்றிலிருந்து அப்பாவும் மகளும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. இலக்கியம், வங்கி, அரசியல் மூன்றையும் ஒரே ஆயுளில் பார்த்த ஒருவரைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். இத்தாலிக்காரர். பெயர் கார்லோ அட்செலியோ சியாம்பி.

1920-ல் லிவோர்னோ என்ற துறைமுக ஊரில் பிறந்தார். குடும்பத் தொழில் மூக்குக் கண்ணாடி வியாபாரம். பையன் நன்றாகப் படித்ததால் பக்கத்து ஊரான பீசாவில் உள்ள ஸ்கூவோலா நோர்மாலே என்ற உயர்கல்வி நிலையத்தில் இடம் கிடைத்தது. நுழைவுத் தேர்வு கடுமை. ஆனால் உள்ளே போய்விட்டால் தங்குமிடம், சாப்பாடு, படிப்பு எல்லாம் இலவசம். அங்கே அவர் எடுத்தது கிரேக்க இலக்கியம். 1941-ல் பட்டம் வாங்க அவர் எழுதிய ஆய்வு, ஃபாவொரினுஸ் என்ற பழைய தத்துவ அறிஞர் நாடுகடத்தலைப் பற்றி எழுதிய நூலை ஆராய்ந்தது. இதைப் படித்தால் என்ன வேலை கிடைக்கும் என்று கேட்காத சொந்தக்காரர் இருந்திருக்க மாட்டார்!

அப்புறம் போர். அல்பேனியாவில் ராணுவ அதிகாரியாக இருந்தார். 1943 செப்டம்பரில் இத்தாலி போர்நிறுத்தம் அறிவித்ததும் ஜெர்மன் படை நாட்டுக்குள் புகுந்தது. முசோலினியின் புதிய அரசில் சேர மறுத்த சியாம்பி, அப்ருட்சோ மலைப்பகுதியில் ஸ்கான்னோ என்ற சிற்றூரில் ஒளிந்துகொண்டார். நாடுகடத்தலைப் பற்றி ஆய்வு எழுதியவர் இரண்டே வருடத்தில் தானே தலைமறைவு. அதே ஊரில் அரசால் கட்டாயமாகத் தங்க வைக்கப்பட்டிருந்தார் குவிதோ கலோஜெரோ என்ற தத்துவப் பேராசிரியர். பீசாவில் இவருக்குப் பழக்கமானவர்தான். அவர் மூலம் அரசியல் ஒட்டிக்கொண்டது. 1944 மார்ச்சில் பனி மூடிய மயெல்லா மலையைக் கால்நடையாகக் கடந்து நேசநாட்டுப் படைகளின் பக்கம் போய்ச் சேர்ந்தார்.

உங்கள் மகள் கவனிக்க வேண்டிய இடம் இது. போர் முடிந்த கையோடு சியாம்பி அரசியலில்தான் இருந்தார். செயல் கட்சி என்ற ஒன்றில் சேர்ந்தார். படித்தவர்கள் நிறைந்த கட்சி. 1946 தேர்தலில் மண்ணைக் கவ்வியது, 1947-ல் கலைந்தே போனது. அதற்குப் பிறகு வாழ்நாள் முழுக்க அவர் எந்தக் கட்சியிலும் சேரவில்லை.

1946 அவருக்குப் பெரிய வருடம். சட்டத்தில் இரண்டாவது பட்டம், ஃபிராங்கா பில்லாவுடன் கல்யாணம், போட்டித் தேர்வு எழுதி இத்தாலிய மத்திய வங்கியில் வேலை. நடுவில் லிவோர்னோவில் கொஞ்ச நாள் பள்ளி ஆசிரியராகவும் இருந்தார். கிரேக்கம் படித்ததால்தான் பின்னால் மத்திய வங்கியின் தலைவரான கவர்னர் ஆனார் என்று யாராவது உங்கள் மகளிடம் சொன்னால் நம்ப வேண்டாம் என்று சொல்லுங்கள். இலக்கியத்தோடு நிற்காமல் சட்டமும் படித்தார், தேர்வும் எழுதினார். உங்கள் வீட்டுக்காரரும் ஒன்றைக் கவனிக்கட்டும். இவர் வாங்கிய இரண்டு பட்டங்களில் எதுவும் வணிகவியல் இல்லை.

சேர்ந்தவுடன் தலைமையகம் கிடைக்கவில்லை. பதினான்கு வருடம் கிளைகளில் வேலை. அதில் மாச்செராட்டா என்ற சின்ன ஊரும் ஒன்று. 1960-ல்தான் ரோமில் ஆய்வுத் துறைக்கு வந்தார். 1970-ல் அந்தத் துறைக்குத் தலைவர். படிப்படியாக ஏறி, 1979 அக்டோபரில் கவர்னர். வயது 58.

அந்த நாற்காலி வந்த விதமும் சந்தோஷமானதல்ல. முந்தைய கவர்னர் பாவ்லோ பாஃபி மீதும், வங்கி மேற்பார்வையை கவனித்த மாரியோ சார்ச்சினெல்லி மீதும் 1979-ல் வழக்குப் போட்டார்கள். சார்ச்சினெல்லியைச் சிறையில் வைத்தார்கள், வயதானவர் என்பதால் பாஃபியை மட்டும் விட்டுவைத்தார்கள். குற்றச்சாட்டு பொய் என்று பிறகு முடிவானது. ஆனால் மனம் நொந்த பாஃபி அதற்குள் பதவி விலகிவிட்டார். வங்கி வேலை பத்திரமானது, அரசியல் ஆபத்தானது என்று பிரித்துப் பேசுகிறோமே, அந்தக் கோடு மேலே போகப் போக அழிந்துவிடுகிறது.

கவர்னராக அவர் செய்ததில் எனக்கு முக்கியமாகப் படுவது 1981-ல் நடந்தது. அதுவரை அரசு கடன் பத்திரங்களை ஏலம் விடும். விற்காமல் மிஞ்சுவதை மத்திய வங்கி வாங்கிக்கொள்ள வேண்டும். அரசு செலவழிக்க, வங்கி பணம் அடிக்க, விலைவாசி ஏறிக்கொண்டே போனது. 1980-ல் பணவீக்கம் 20 சதவீதத்தைத் தாண்டியது. கருவூல அமைச்சர் பெனியாமினோ அந்திரேயாத்தாவும் சியாம்பியும் பேசி, வாங்கியே ஆக வேண்டும் என்ற கட்டாயத்தை நீக்கினார்கள். இத்தாலியில் இதை 'விவாகரத்து' என்றே சொல்வார்கள். பணவீக்கம் தணிந்தது, ஆனால் அரசின் வட்டிச் சுமை ஏறியது. நல்லதா கெட்டதா என்று அங்கே இன்னும் அடித்துக்கொள்கிறார்கள்.

தோல்வியும் உண்டு. 1992 செப்டம்பரில் இத்தாலியின் அப்போதைய நாணயமான லிராவின் மதிப்பைக் காப்பாற்ற அந்நியச் செலாவணிக் கையிருப்பை வாரி இறைத்தும் முடியவில்லை. நாடுகளின் நாணய மதிப்புகளை ஒன்றோடொன்று பிணைத்திருந்த ஐரோப்பிய நாணய ஏற்பாட்டிலிருந்து லிரா வெளியேறியது. சியாம்பிக்கும் திட்டு விழுந்தது.

அடுத்த ஏப்ரலில் அவரைப் பிரதமராக அழைத்தார் ஜனாதிபதி ஸ்கால்ஃபரோ. லஞ்ச ஊழல் விசாரணையில் பழைய கட்சிகள் சரிந்துகொண்டிருந்த நேரம். நாடாளுமன்ற உறுப்பினராக இல்லாமலே இத்தாலியக் குடியரசில் பிரதமரான முதல் ஆள் இவர். வயது 72. பதவியேற்ற கையோடு, முன்னாள் பிரதமர் கிராக்சியை விசாரிக்க நாடாளுமன்றம் அனுமதி மறுத்ததால், நான்கு அமைச்சர்கள் ராஜினாமா. அசராமல் ஓட்டினார். ஜூலையில் தொழிற்சங்கங்களையும் முதலாளிகளையும் ஒரே மேசையில் உட்கார வைத்துச் சம்பள ஒப்பந்தம் போட்டார். 1996-லிருந்து கருவூல அமைச்சர். இத்தாலி யூரோவில் முதல் அணியிலேயே சேர்ந்ததில் அவருக்குப் பெரிய பங்கு. 1999 மே மாதம் முதல் சுற்றிலேயே 707 வாக்குகள் பெற்று ஜனாதிபதி ஆனார். 2006-ல் இன்னொரு முறை இருங்கள் என்று கேட்டபோது மறுத்துவிட்டார்.

மத்திய வங்கியிலிருந்து அரசியலுக்குப் போனவர் இவர் மட்டுமல்ல. 1945-ல் கவர்னரான லூயிஜி எய்னாவுதி 1948-ல் ஜனாதிபதி ஆனார். குவிதோ கார்லி முதலில் அமைச்சர், பிறகு 15 வருடம் கவர்னர், வயதான பிறகு மறுபடி அமைச்சர். எய்னாவுதி பொருளாதாரப் பேராசிரியர் என்பதால் அவர் கதை உங்கள் வீட்டுக்காரர் பக்கம் சாயும். அதனால்தான் சியாம்பியை எடுத்தேன்.

சரி, உங்கள் வீட்டு விஷயம். இங்கேயும் ஸ்டேட் வங்கி அதிகாரி தேர்வுக்கு எந்தப் பட்டமும் போதும். ரிசர்வ் வங்கியின் கிரேடு பி என்ற அதிகாரிப் பதவியில் பொதுப் பணிப் பிரிவுக்கு எந்தப் பாடமானாலும் பொதுவாக 60 சதவீதம் கேட்கிறார்கள். இட ஒதுக்கீட்டில் தளர்வு உண்டு. விண்ணப்பிக்கும் வருடத்து அறிவிப்பை ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள். ஆக, இலக்கியம் எடுத்தால் அந்தக் கதவு மூடாது. ஆனால் பிடிக்காத பாடத்தில் தட்டுத்தடுமாறி 52 எடுத்தால் அந்த 60 கைவிட்டுப் போகலாம். கணக்கிலும் ஆங்கிலத்திலும் அவளுக்கு எவ்வளவு பிடி இருக்கிறது என்பதுதான் நான் பார்க்க வேண்டியது.

ஞாயிற்றுக்கிழமை வரும்போது அவளுடைய பத்தாம் வகுப்பு, பிளஸ் ஒன் மதிப்பெண் பட்டியலைக் கொண்டுவாருங்கள். உங்கள் வீட்டுக்காரரையும் கூட்டி வாருங்கள். முதல் அரை மணி நேரம் மகளை மட்டும் பேசவிடுகிறேன், நீங்கள் இருவரும் வெளியே காபி சாப்பிட்டுக்கொண்டிருங்கள்.