9.9 எச்.பி. அவுட்போர்டு மோட்டாரை 15 எச்.பி. ஆக்க முடியுமா?

கேட்டிருப்பது இதுதான்: 14 அடி ஃபைபர் படகு, பின்னால் மாட்டிய இரண்டு ஸ்ட்ரோக் யமஹா 9.9. ஒருவர் போனால் படகு எழும்பி ஓடுகிறது. மூன்று பேர் ஏறினால் மூக்கைத் தூக்கிக்கொண்டு தண்ணீரை உழுகிறது. கார்பரேட்டரை மாற்றினாலே 15 ஆகிவிடும் என்கிறார்களே, உண்மையா?

பாதி உண்மை. மூடியில் ஒட்டியிருக்கும் எண்ணை விட்டுவிட்டு, சிலிண்டர் எத்தனை சிசி என்று பாருங்கள். 9.9 என்பது ஒரு எஞ்சின் இயல்பாகத் தரும் திறன் இல்லை, சட்டத்துக்காகப் பிறந்த எண். அமெரிக்காவில் பல ஏரிகளில் 10 எச்.பி.க்கு மேல் அனுமதி கிடையாது. ரஷ்யாவில் 2012 முதல், 8 கிலோவாட்டுக்கு உட்பட்ட மோட்டாரும் 200 கிலோவுக்கு உட்பட்ட எடையும் உள்ள படகுக்குப் பதிவு வேண்டாம். 8 கிலோவாட் என்பது ஏறக்குறைய 10.9 எச்.பி. இந்த வரம்புகளுக்குள் விற்பதற்காகவே 15 எச்.பி. எஞ்சினின் தொண்டையை நெரித்து 9.9 என்று பெயர் வைக்கிறார்கள். அப்படி நெரிக்கப்பட்டதை அவிழ்க்கலாம். பிறவியிலேயே சிறிய எஞ்சினில் அவிழ்க்க ஒன்றும் இல்லை.

யமஹாவின் இரண்டு ஸ்ட்ரோக் 9.9, 15 இரண்டும் 246 சிசி, போர் (சிலிண்டர் விட்டம்) 56 மி.மீ., ஸ்ட்ரோக் (பிஸ்டன் நகரும் தூரம்) 50 மி.மீ. என்றால் ஒரே பிளாக் (சிலிண்டர் வார்ப்பு). 1974 முதல் 1992 வரை வந்த ஜான்சன், எவின்ரூட் 9.9, 15 மோட்டார்களும் அப்படித்தான். கார்பரேட்டர் மாற்றும் பழக்கம் பரவியதே பெரும்பாலும் அவற்றால். சுஸுகி நான்கு ஸ்ட்ரோக்கில் கவனம் வேண்டும். டிஎஃப் 9.9பி 327 சிசி, அது 15, 20 எச்.பி. மோட்டார்களின் உடன்பிறப்பு. ஓர் எழுத்து மட்டும் மாறும் டிஎஃப் 9.9ஏ 208 சிசிதான். யமஹா நான்கு ஸ்ட்ரோக் எஃப் 9.9 212 சிசி, எஃப் 15 362 சிசி. இரண்டுக்கும் உறவே இல்லை. டோஹட்சு இரண்டு ஸ்ட்ரோக் 9.8 169 சிசி. இந்தச் சின்ன பிளாக்குகளில் பெரிய கார்பரேட்டரை மாட்டினால் பெட்ரோல் குடிக்கும், மந்த ஓட்டத்தில் (ஐடிலிங்) இருமும், அவ்வளவுதான். விற்றுவிட்டுப் பெரியதாக வாங்குங்கள்.

சிசி ஒன்றாக இருந்தாலும் என்னென்ன வேறு என்பதைப் பாகப் பட்டியலில்தான் பார்க்க வேண்டும். யமஹா பாக எண்ணில் முதல் மூன்று எழுத்து மாடலைச் சொல்லும், நடு ஐந்து எண் பாகத்தைச் சொல்லும். 14301 கார்பரேட்டர், 13610 ரீட் வால்வு (கலவையை உள்ளே மட்டும் விடும் மெல்லிய தகடு), 11631 பிஸ்டன், 11111 சிலிண்டர் ஹெட். உங்கள் 9.9 பட்டியலையும் அதே ஆண்டு, அதே தலைமுறை 15இன் பட்டியலையும் பக்கத்தில் வைத்து இந்த எண்களை ஒப்பிடுங்கள். பிஸ்டனும் ஹெட்டும் ஒரே எண், கார்பரேட்டர் மட்டும் வேறு என்றால் வேலை எளிது. ரீட் வால்வின் நிறுத்தத் தகடு, எக்ஸாஸ்ட் பாதையில் உள்ள தட்டு, சைலன்சர் வாய், சிடிஐ (பொறியைக் கட்டுப்படுத்தும் மின்பெட்டி) இவற்றில் வேறுபாடு தெரிந்தால் அவற்றையும் சேர்த்தே மாற்ற வேண்டும். கார்பரேட்டர் மட்டும் மாற்றி, எக்ஸாஸ்ட் குறுகலாகவே இருந்தால் 12, 13 எச்.பி.யில் மூச்சு நின்றுவிடும்.

எவ்வளவு கிடைக்கும்? எழும்பி ஓடும் படகில் வேகம் திறனின் வர்க்கமூலத்தோடு ஏறும். 15ஐ 9.9ஆல் வகுத்தால் 1.515, அதன் வர்க்கமூலம் 1.23. அதாவது திறன் ஒன்றரை மடங்கு, வேகம் 23 சதவீதம் மட்டும்; மணிக்கு 25 கி.மீ. போனது 30, 31 ஆகும். அதற்கு விலை எரிபொருள்: முழு திராட்டிலில் (வேகப் பிடியை முழுக்கத் திருகி) மணிக்குச் சுமார் 4 லிட்டர் குடித்தது 6 லிட்டரைத் தாண்டும். எழும்பாத, வயிறு உருண்ட வள்ளம் போன்ற உடலுக்கு இந்தக் கணக்கே பொருந்தாது. அதன் வேக எல்லை நீர்மட்ட நீளத்தின் வர்க்கமூலத்தை 1.34ஆல் பெருக்கினால் வரும் நாட். 16 அடிக்கு 5.4 நாட், மணிக்கு 10 கி.மீ. அதன் மேல் 15 வைத்தாலும் 25 வைத்தாலும் பின்னால் அலைதான் பெரிதாகும். உங்கள் படகு ஓர் ஆளோடு எழும்புகிறது என்பதால் உங்களுக்குப் பயன் உண்டு. மூன்று பேரோடு எழும்பாதது எழும்பத் தொடங்கினால் லாபம் 23 சதவீதத்தைவிட மிக அதிகமாகத் தெரியும்.

இருந்தாலும் கார்பரேட்டர் வாங்கக் கிளம்பும் முன் இப்போதைய மோட்டார் அதன் 9.9ஐயாவது முழுதாகத் தருகிறதா என்று பாருங்கள். இந்தக் கேள்வி கேட்பவர்களில் பலருக்கு இங்கேயே விடை கிடைத்துவிடும்.

எஞ்சினை நிறுத்தி, கியரில் போட்டு, பிடியை முழுக்கத் திருகி, கார்பரேட்டர் வாயில் டார்ச் அடித்துப் பாருங்கள். உள்ளே உள்ள தகடு காற்றோட்டத்துக்கு இணையாகக் கிடக்க வேண்டும். கேபிள் தளர்ந்து முக்கால்வாசி மட்டுமே திறக்கும் மோட்டார்கள் ஏராளம். நியூட்ரலில் பார்க்காதீர்கள், அதில் திராட்டில் வேண்டுமென்றே தடுக்கப்பட்டிருக்கும்.

அடுத்து கம்ப்ரெஷன். இரண்டு ப்ளக்கையும் கழற்றி, வயர்களை பிளாக்கில் எர்த் செய்து, திராட்டிலை முழுக்கத் திறந்து, கயிற்றை ஐந்தாறு முறை இழுங்கள். இரண்டு சிலிண்டருக்கும் இடையே 10 சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தாலோ, 90 பிஎஸ்ஐக்குக் கீழே நின்றாலோ, ரிங்கும் சிலிண்டரும் பார்க்காமல் திறன் ஏற்றும் பேச்சே எடுக்க வேண்டாம். களைத்த எஞ்சினுக்குப் பெரிய கார்பரேட்டர் வைப்பது அதன் ஆயுளைச் சுருக்கும் வழி.

பிறகு ஆர்.பி.எம். ப்ளக் வயரில் சுற்றி மாட்டும் சின்ன டாக்கோமீட்டர் மலிவாகவே கிடைக்கிறது. அது எதிர்பார்த்ததைப் போல இரண்டு மடங்கு காட்டினால் பயப்படாதீர்கள். சில மோட்டார்களில் ஒரு சுற்றுக்கு இரண்டு முறை பொறி வரும், மீட்டரின் அமைப்பை மாற்றினால் போதும். இந்த யமஹாவுக்கு முழு திராட்டிலில் 4500 முதல் 5500 வரை ஓட வேண்டும். மூன்று பேரோடு 4200இல் முக்குகிறது என்றால் குற்றம் எஞ்சினில் இல்லை, விசிறியில் (புரொப்பெல்லர்) இருக்கிறது. விசிறியின் குடத்தில் 9¼ × 9¾ என்பது போல எழுதியிருக்கும். முதல் எண் விட்டம், இரண்டாவது பிட்ச், அதாவது ஒரு சுற்றில் விசிறி முன்னேற வேண்டிய தூரம், இரண்டும் அங்குலத்தில். சுமையோடு போகிறவர் 9 அல்லது 8 பிட்ச் விசிறி போட்டால் சுற்று ஏறும், படகும் எழும்பும். ஒரு அங்குலம் பிட்ச் குறைத்தால் 150 முதல் 200 சுற்று கூடும் என்பது பெரிய மோட்டார்களுக்குச் சொல்லும் கணக்கு. சின்ன மோட்டாரில் அதைவிடக் கூடுதலாகவே ஏறும். காரில் மேட்டில் மூன்றாம் கியரிலிருந்து இரண்டுக்கு வருவது போலத்தான். மூன்று பேர் ஏறினால் மட்டும் வரும் தொல்லைக்கு இதுவே முதல் மருந்து, செலவும் குறைவு.

உயரத்தையும் பாருங்கள். விசிறிக்கு மேலே உள்ள காவிட்டேஷன் தட்டு படகின் அடிமட்டத்துக்கு நேராகவோ, ஓர் அங்குலம் கீழேயோ இருக்க வேண்டும். 15 அங்குலப் பின்பலகையில் 20 அங்குல நீளத்தண்டு மோட்டாரை மாட்டி, ஐந்து அங்குலம் கூடுதலாகத் தண்ணீரில் இழுத்துக்கொண்டு போகிற படகுகள் எத்தனையோ. மூன்று பேரும் பின்பக்கமே உட்கார்ந்தால் எந்த மோட்டாரும் தூக்காது. ஒருவரை அணியம் பக்கம் நகர்த்திப் பாருங்கள், பெட்ரோல் டாங்கையும் முன்னே தள்ளுங்கள்.

இதெல்லாம் சரியாக இருந்தும் போதவில்லை என்றால் மாற்றத்துக்கு வரலாம்.

15இன் கார்பரேட்டரை முழுதாக வாங்குங்கள். பழையதாகக் கிடைத்தால் மிதவை, ஊசி, கேஸ்கட் எல்லாம் புதிதாகப் போடுங்கள். 9.9 கார்பரேட்டரின் ஜெட்டை (பெட்ரோல் வரும் நுண்துளை) ட்ரில் வைத்துத் துளைக்கும் வித்தைக்காரரிடம் மோட்டாரைக் கொடுக்காதீர்கள். தொண்டையின் விட்டம் மாறாமல் ஜெட் மட்டும் பெரிதானால் பெட்ரோல்தான் கூடும், காற்று கூடாது. தொண்டையைக் குடைந்துவிட்டு ஜெட்டை அப்படியே விட்டால் நேர்மாறு: கலவை வறண்டு பிஸ்டன் எக்ஸாஸ்ட் பக்கம் உரசும். இரண்டு ஸ்ட்ரோக்கில் எண்ணெய் பெட்ரோலோடுதான் உள்ளே வருகிறது என்பதை மறக்கக் கூடாது. பெட்ரோல் குறைந்தால் வெப்பம் ஏறுவதோடு எண்ணெயும் சேர்ந்து குறைகிறது.

மாட்டும்போது பழைய கேஸ்கட்டை முழுக்கச் சுரண்டி எடுத்து, புதியதைப் போட்டு, இரண்டு நட்டையும் மாறி மாறிச் சமமாக முறுக்குங்கள். ஒரு பக்கம் மட்டும் இறுக்கினால் விளிம்பு வளைந்து காற்றுக் கசியும். கசிவைக் கண்டுபிடிக்க, மந்த ஓட்டத்தில் கார்பரேட்டர் அடியைச் சுற்றிச் சோப்புத் தண்ணீரைத் தெளியுங்கள். சுற்று மாறினால் கசிவு அங்கேதான். அதன்பின் கேம் (திராட்டிலைத் தள்ளித் திறக்கும் வளைதகடு), அதைத் தொடும் உருளை, இரண்டின் ஒத்திசைவு: திராட்டில் தகடு அசையத் தொடங்கும் கணத்தில் கேமில் உள்ள கோடு உருளையின் மையத்துக்கு நேரே நிற்க வேண்டும். இதை விட்டுவிட்டால், பொறி முன்னேறும் அளவும் காற்று திறக்கும் அளவும் பொருந்தாமல் நடு ஓட்டத்தில் தடுமாறும். ஜெட்டைக் குறை சொல்லி ஒரு வாரம் போகும். மந்தத் திருகை மெதுவாக அடிவரை மூடி, ஒன்றரைச் சுற்று திறந்து தொடங்குங்கள். நேர்த்தி செய்வது எஞ்சின் சூடான பிறகு, தண்ணீரில், கியரில் போட்டு.

கூடவே தண்ணீர் பம்பின் இம்பெல்லரைப் புதிதாகப் போட்டுவிடுங்கள். கூடும் திறனோடு கூடும் வெப்பத்தையும் அந்த ரப்பர் இறக்கைகள்தான் வெளியேற்ற வேண்டும். உப்புத் தண்ணீரில் ஓடிய மோட்டாரில் தெர்மோஸ்டாட்டைக் கழற்றி உப்புக்கட்டியைச் சுத்தம் செய்யுங்கள். எண்ணெய் 50:1 என்றால் 10 லிட்டர் பெட்ரோலுக்கு 200 மில்லி, அதுவும் டிசி-டபிள்யூ3 வகை. பைக்குக்கு விற்கும் 2டி எண்ணெய் வேறு வெப்பநிலைக்காகச் செய்தது.

முதல் ஓட்டத்தில் நேராக முழு திராட்டிலுக்குப் போகாதீர்கள். பத்து நிமிடம் பாதியில் ஓட்டி, சாட்சித் தண்ணீர் (மோட்டாரின் சிறு துளை வழியே வெளியே வரும் குளிர்விப்பு நீர்) ஒழுங்காகப் பீச்சுகிறதா பார்த்து, பிறகு முழுதாக இரண்டு மூன்று நிமிடம். அந்த வேகத்திலேயே கொலைச் சுவிட்சை இழுத்து நிறுத்தி ப்ளக்கைக் கழற்றுங்கள். மெல்ல வேகம் குறைத்து நிறுத்தினால் ப்ளக் மந்த ஓட்டத்தின் கதையைத்தான் சொல்லும். பழுப்பு நிறம் நன்று. வெள்ளை, அல்லது பீங்கானில் மிளகுத்தூள் போலப் புள்ளிகள் என்றால் கலவை வறட்சி. மறுபடி முழு திராட்டில் கொடுக்கக் கூடாது, ஜெட்டும் காற்றுக் கசிவும் பார்க்கும்வரை. கறுத்து ஈரமாக இருந்தால் கலவை செழிப்பு. அதில் எஞ்சின் கெடாது, பெட்ரோல்தான் வீண். சிறிய விசிறி போட்டிருந்தவர்கள் இப்போது ஆர்.பி.எம்.மை மறுபடி அளக்க வேண்டும். 5500ஐத் தாண்டினால் 9¾ அல்லது 10½ பிட்சுக்குப் போகலாம்.

ஹெட்டைச் சுரண்டிக் கம்ப்ரெஷன் ஏற்றுவது, போர்ட்டை அரத்தால் அகலப்படுத்துவது பற்றியும் கேட்பார்கள். முதலாவது கொஞ்சம் திறன் தரும், கூடவே நாக்கிங்கும் (கலவை நேரம் தவறி வெடிப்பது) தரும். இரண்டாவதில் கை ஒரு மில்லிமீட்டர் தவறினால் சிலிண்டர் போச்சு. கெரோசினில் ஓடும் மோட்டார் வைத்திருப்பவர்கள் இரண்டையும் தொடவே கூடாது. கெரோசினின் ஆக்டேன் குறைவு என்பதால்தான் அந்த மோட்டார்களில் கம்ப்ரெஷனைக் குறைத்து வைத்திருக்கிறார்கள். ஏற்றினால் பிஸ்டன் தலை ஓட்டையாகும்.

ஊசிமுறை எரிபொருள் (ஃப்யூயல் இன்ஜெக்ஷன்) உள்ள நான்கு ஸ்ட்ரோக்கில் நெரிப்பு பெரும்பாலும் கட்டுப்பாட்டுப் பெட்டியில் இருக்கும். பெட்டியும் திராட்டில் உடலும் சேர்த்து வாங்கும் செலவைக் கூட்டிப் பாருங்கள். பழைய 15 ஒன்றே வாங்கிவிடலாம். எடையும் கணக்கில் வரும்: யமஹா இரண்டு ஸ்ட்ரோக் 15 ஏறக்குறைய 36 கிலோ, நான்கு ஸ்ட்ரோக் 15 50 கிலோவைத் தாண்டும்.

படகு தாங்குமா என்பதற்கு அமெரிக்கக் கடலோரக் காவல்படையின் சூத்திரம் நல்ல அளவுகோல். நீளம் அடியில், பின்பலகை அகலம் அடியில், இரண்டையும் பெருக்குங்கள். 43 முதல் 45 வந்தால் 10 எச்.பி., 46 முதல் 52 வந்தால் 15. அதற்கு மேல், கையால் திருப்பும் மோட்டார் என்றால், அந்த எண்ணை 0.8ஆல் பெருக்கி 25ஐக் கழிக்க வேண்டும். அடிப்பகுதி தட்டையாகவும் ஓரம் கூர்மையாகவும் உள்ள படகுக்கு 0.5ஆல் பெருக்கி 15ஐக் கழிக்க வேண்டும். உங்கள் 14 அடிப் படகின் பின்பலகை 4 அடி என்றால் 56. வளைந்த அடிப்பகுதிக்கு 19.8, தட்டை அடிப்பகுதிக்கு 13. விடையை அடுத்த ஐந்தின் மடங்குக்கு உயர்த்திக்கொள்ளலாம், ஆகவே 20, 15. இரண்டிலும் 15 உள்ளே வருகிறது. பின்பலகைக்குள் இருக்கும் மரம் ஊறிப்போயிருந்தால் இந்தக் கணக்கு செல்லாது: மோட்டாரைப் பிடித்து முன்பின் ஆட்டுங்கள், பலகை கூடவே அசைந்தாலோ சுத்தியல் தட்டில் மந்தமாகச் சத்தம் வந்தாலோ முதலில் அதைச் சரிசெய்யுங்கள்.

படகின் பதிவு ஆவணத்திலோ காப்பீட்டிலோ 9.9 என்று இருந்தால், மாற்றியபின் அதைத் திருத்த விண்ணப்பியுங்கள். மூடியில் 9.9 ஸ்டிக்கர், உள்ளே 15 என்று ஓட்டினால் விபத்து நடந்த அன்று காப்பீட்டுக்காரர் முதலில் கார்பரேட்டரைத்தான் பார்ப்பார்.