கழுதைக்குத் தாடைக் கட்டியும் மூக்கில சீழும்: இண்டைக்கே பிரிச்சுக் கட்டுங்கோ

அண்ணை, முருங்கன்ல நீங்கள் வளக்கிற கழுதைக்குக் காய்ச்சல், தாடைக்குக் கீழ கட்டி, மூக்கால மஞ்சள் சீழ், இப்ப மற்றதும் தீன் தின்னுதில்லை எண்டு எழுதியிருக்கிறீங்கள், வாசிக்கவே மனசுக்குக் கஷ்டமாக் கிடக்கு. இது ஸ்ட்ராங்கிள்ஸ் மாதிரித்தான் தெரியுது, ஸ்ட்ரெப்டோகாக்கஸ் ஈக்வி எண்ட பக்டீரியாவால குதிரை, கழுதையளுக்கு வாற வருத்தம்.

வாளி, தண்ணித்தொட்டி, கயிறு, உங்கட கை, சாரம் எல்லாத்தாலயும் ஒட்டும், அதால ரெண்டையும் தனித்தனியாக் கட்டி வாளியையும் வேறயாக்குங்கோ, சுகமானதுகளைப் பாத்து முடிச்சிட்டுக் கடைசியா வருத்தக்காரரிட்டப் போங்கோ. மிச்சக் கழுதையளுக்கு காலமையும் பின்னேரமும் காய்ச்சல் பாருங்கோ, சீழ் வாறதுக்கு ஒண்டு ரெண்டு நாளைக்கு முன்னமே காய்ச்சல் காட்டும், அந்த நேரமே பிரிச்சா மற்றதுகள் தப்பும்.

கட்டியை நசிக்காதேங்கோ, பிளேட்டும் வைக்காதேங்கோ, இளஞ்சுடுதண்ணி ஒத்தடம் போதும், பழுத்தா உடையும். பெனிசிலின் நீங்களா வாங்கி ஏத்த வேண்டாம், எப்ப குடுக்கிறது எண்டு மிருக வைத்தியர்தான் சொல்லோணும். மூச்சு விடேக்க குறட்டை மாதிரிச் சத்தம் வந்தா ராவெண்டும் பாக்காம அவரைக் கூப்பிடுங்கோ, கட்டி தொண்டையை அடைக்குது எண்டு அர்த்தம்.

இன்னொண்டு, கிளாண்டர்ஸ் எண்ட வருத்தமும் மூக்கில சீழோடதான் வரும், அது மனுசருக்கும் தொத்தி உயிரெடுக்கும், அதால சீழை எடுத்துச் சோதிக்கும் வரைக்கும் கையுறை இல்லாமத் தொடாதேங்கோ, பிள்ளையளையும் கிட்ட விடாதேங்கோ.

சுகமான பிறகும் சிலதுகள் தொண்டைப் பக்கத்துப் பைக்குள்ள கிருமியை மாசக்கணக்கா வச்சிருக்கும், மன்னார் டவுன்ல திரியிற கழுதையளோட உடன சேர விடாதேங்கோ.