உங்கள் மகள் கேட்கிற படிப்பு பற்றி, அம்மா

அம்மா, வணக்கம். "கண்ணுக்கே தெரியாத பூச்சியைப் படித்து என்ன வேலை கிடைக்கும்?" என்று கேட்டிருந்தீர்கள். நியாயமான கவலைதான்.

அவள் சொல்வது ஆஸ்ட்ரகோடுகளை. இறாலுக்குத் தூரத்துச் சொந்தம். பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டர்தான் இருக்கும். சிப்பி மாதிரி இரண்டு சுண்ணாம்பு ஓடு. உயிர் போனபின் ஓடு சேற்றிலேயே தங்கிவிடும். சைப்ரிடெய்ஸ் டொரோசா என்ற இனம் உப்பு மிகக் குறைந்த நீரில் வளர்ந்தால், ஓட்டில் சின்னச் சின்னப் புடைப்புகள் கிளம்பும். உப்பு கூடினால் ஓட்டிலுள்ள நுண்துளைகளில் வட்டமானவை குறைந்து, நீண்டும் கோணலாகவும் இருப்பவை பெருகும். ஆக, பழங்காலத்து நீர் எவ்வளவு உப்பு என்பதற்கு அந்த ஓடே சாட்சி. சுமார் 60 லட்சம் ஆண்டுகளுக்கு முன் மத்தியதரைக்கடல் அட்லாண்டிக்கோடு இருந்த தொடர்பை இழந்து, அடியில் உப்புப் பாளம் படிந்தது. அதற்கு மேலுள்ள அடுக்குகளில் உப்பு குறைந்த நீரின் ஆஸ்ட்ரகோடுகள் கிடைக்கின்றன. பிற்காலத்தில் அங்கே நீர் மாறியதை இவற்றை வைத்துத்தான் படிக்கிறார்கள்.

ஓடு கிடைத்தால் மட்டும் போதாது. இந்த உயிர் வளர்ந்து முடிவதற்குள் வழக்கமாக எட்டு முறை ஓடு மாற்றும். குஞ்சு ஓடு முதல் பெரிய ஓடு வரை எல்லா அளவும் ஒரே மண்ணில் இருந்தால், அங்கேயே வாழ்ந்தது என்று நம்பலாம். ஒரே அளவு ஓடுகள் மட்டும் என்றால், நீரோட்டம் அடித்து வந்திருக்கலாம். இந்தச் சந்தேகப் புத்தி உங்கள் மகளிடம் இருக்கிறதா என்று பாருங்கள். மதிப்பெண்ணைவிட எனக்கு அது முக்கியம்.

வேலை விஷயம். 'ஆஸ்ட்ரகோடு நிபுணர் தேவை' என்று விளம்பரம் வருவது அபூர்வம். எண்ணெய் நிறுவனங்கள், அரசு நிலவியல் துறைகள், கடலோரச் சூழல் ஆய்வு, பழைய துறைமுக அகழாய்வு, பல்கலைக்கழகம் என்று வாய்ப்புகள் சிதறிக் கிடக்கின்றன. ஆராய்ச்சிப் பணி வேண்டுமென்றால் முனைவர் பட்டம்வரை போகவேண்டியிருக்கும். அதற்கு வீட்டில் பொறுமை வேண்டும். இளங்கலையில் பொதுவான நிலவியலே எடுக்கட்டும். கூடவே புள்ளியியலும், ஃபோராமினிஃபெரா என்ற ஓடுள்ள ஒற்றைச் செல் உயிர்களைப் பற்றியும் கற்றால் கதவுகள் மூடாது.

பணம் கட்டுமுன் ஒன்று செய்யுங்கள். நிலவியல் துறை ஆய்வகம் ஒன்றில் அனுமதி கேட்டு, இரண்டு மணி நேரம் அவளை உட்கார வையுங்கள். சலித்துக் கழுவிய மணலிலிருந்து, ஈரத் தூரிகை நுனியால் ஒவ்வொரு ஓடாக எடுக்கட்டும். கழுத்து வலிக்கும். எழுந்து வந்ததும் அவள் சொல்லும் முதல் வார்த்தையை எனக்கு எழுதுங்கள். கல்லூரிப் பட்டியலை அப்புறம் பார்ப்போம்.