ஃபுளோரிடா வரைபடத்தில் ஒரு கவுண்டி மட்டும் ஏன் இவ்வளவு சிவப்பு?

வாசகர் கேள்வி – பதில்
(இந்த இதழில் பதில் சொல்பவர், அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்தில் ஒரு மருத்துவமனையில் 22 ஆண்டுகள் புற்றுநோய்ப் பதிவாளராக, அதாவது நோயாளிகளின் விவரங்களைப் பதிவேட்டில் சேர்ப்பவராக, வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கவுண்டி என்பது நம் மாவட்டம் போன்ற நிர்வாகப் பகுதி.)

கேள்வி: என் மகளுக்கு ஃபுளோரிடாவில் கெயின்ஸ்வில் என்ற ஊரில் வேலை கிடைத்திருக்கிறது. வாடகை குறைவு என்று பக்கத்து யூனியன் கவுண்டியில் வீடு பார்க்கிறார்கள். எதற்கும் இருக்கட்டும் என்று புற்றுநோய் வரைபடத்தைத் திறந்தேன். மாநிலத்திலேயே அந்த இடம்தான் அடர் சிவப்பு. தண்ணீரில் ஏதாவது கலந்திருக்குமா ஐயா? இரண்டு நாளாகத் தூக்கம் இல்லை. (ஒரு தாய், கோயம்புத்தூர்)

பதில்: இன்றைக்குத் தூங்குங்கள் அம்மா. வேலைக்குச் சேர்ந்த புதிதில் அந்தச் சிவப்பைப் பார்த்து நானும் ஆடித்தான் போனேன். பக்கத்து நாற்காலியில் இருந்த மூத்த பதிவாளர் அம்மையார் சிரித்துவிட்டு, "அங்கே என்ன கட்டடம் இருக்கிறது என்று போய்ப் பார்த்துவிட்டு வா" என்றார். ஒரு ஞாயிற்றுக்கிழமை காரை எடுத்துக்கொண்டு போனேன். பைன் மரத்தோப்பு, மாட்டுப் பண்ணை, லேக் பட்லர் என்று ஒரு சின்ன ஊர். ஊரைத் தாண்டினால் முள்கம்பி வேலி. உள்ளே இருப்பது மாநிலச் சிறைத்துறையின் வரவேற்பு மற்றும் மருத்துவ மையம்.

விஷயம் இவ்வளவுதான். மயாமியில் பிடிபட்டவனோ டாம்பாவில் பிடிபட்டவனோ, சிறையில் கடுமையாக நோய்வாய்ப்பட்டால் சிகிச்சைக்குக் கொண்டுவரும் இடங்களில் முக்கியமானது இது. அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, கைதி எந்தச் சிறையில் இருக்கிறாரோ அந்தக் கவுண்டிவாசியாகவே அவரை எண்ணும். புற்றுநோய்ப் பதிவேடும் அதே விதியைத்தான் பின்பற்றுகிறது. யூனியன் கவுண்டியின் மொத்த மக்கள்தொகை 2020 கணக்கெடுப்பில் சுமார் 16,000. அதில் கணிசமான பேர் கைதிகள். மாநிலம் முழுவதும் இருந்து நோயாளிகளை இவ்வளவு சின்ன இடத்தில் கொண்டுவந்து சேர்த்தால் விகிதம் எங்கே போய் நிற்கும்? நாட்டின் சராசரி லட்சம் பேருக்கு ஆண்டுக்கு 440 புதிய நோயாளிகள் என்ற சுற்றுவட்டத்தில் இருக்கிறது. யூனியன் கவுண்டியின் எண் அதைப்போல இரண்டு மடங்கையும் தாண்டி, அமெரிக்காவின் மூவாயிரத்துச் சொச்சம் கவுண்டிகளிலேயே முதலிடத்தில் வந்து உட்கார்ந்துவிடுகிறது. அங்கே பலருக்கு நோய் அந்த ஊர் மண்ணிலிருந்து வரவில்லை, சிறைத்துறைப் பேருந்தில் வந்தது.

நீங்களே சரிபார்க்கலாம். அதே வரைபடத்தில் ஆண், பெண் என்று பிரித்துப் பார்க்க வசதி உண்டு. அந்த மையத்தில் இருப்பவர்கள் ஆண்கள். எகிறி நிற்பதும் ஆண்கள் கணக்குதான்.

ஒன்று சொல்லிவிடுகிறேன். அங்கே தண்ணீர் சுத்தம் என்று நான் சான்றிதழ் தரவில்லை. அந்த எண் தண்ணீரைப் பற்றியதல்ல என்கிறேன், அவ்வளவே. ஃபுளோரிடாக் கிராமப்புறங்களில் பல வீடுகளுக்குச் சொந்தக் கிணற்றுத் தண்ணீர். அதை அரசு பரிசோதிக்காது, வீட்டுக்காரர்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். ஆகவே மகளிடம், வீட்டை முடிவு செய்வதற்கு முன்னால் கிணற்று நீரைப் பாக்டீரியாவுக்கும் நைட்ரேட்டுக்கும் சோதித்த தாள் இருக்கிறதா என்று கேட்கச் சொல்லுங்கள். எந்தக் கவுண்டியில் வீடு எடுத்தாலும் இதைக் கேட்கலாம்.

கேள்வி: ஓய்வு பெற்ற என் அமெரிக்க நண்பர் 'தி வில்லேஜஸ்' என்ற முதியோர் குடியிருப்பில் இருக்கிறார். அவர் தெருவில் எட்டு வீட்டில் ஐந்து வீட்டில் புற்றுநோய் என்கிறார். அவர் இருக்கும் சம்டர் கவுண்டி ஆபத்தான இடமா? (ஒரு வாசகர், டாம்பா)

பதில்: அந்தத் தெருவில் நாற்பது வயதுக்காரர் எத்தனை பேர் என்று நண்பரிடம் கேளுங்கள். கடைக்குக்கூட கோல்ஃப் வண்டியில் போய்வரும் ஊர் அது. சம்டர் கவுண்டியில் பாதிப்பேருக்கு மேல் 65 வயதைக் கடந்தவர்கள். அமெரிக்காவிலேயே இவ்வளவு வயதான கவுண்டி வேறு கிடையாது.

புற்றுநோய் பெரும்பாலும் வயதோடு வரும் நோய். கற்பனையாக ஒரு கணக்குப் போடுவோம். 65-க்குக் கீழே லட்சத்துக்கு 200 பேருக்கும், 65-க்கு மேலே லட்சத்துக்கு 2,000 பேருக்கும் ஆண்டுதோறும் நோய் வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு ஊர், இரண்டிலும் பத்தாயிரம் பேர். முதல் ஊரில் 8,000 பேர் இளையவர், 2,000 பேர் முதியவர். இளையவரில் 16, முதியவரில் 40, ஆக 56 நோயாளிகள். இரண்டாவது ஊரில் 4,000 இளையவர், 6,000 முதியவர். 8-ம் 120-ம் சேர்ந்து 128. அந்தந்த வயதுக்காரருக்கு இரண்டு ஊரிலும் ஒரே ஆபத்துதான். ஆனால் மொத்தமாக எண்ணினால் இரண்டாவது ஊர் கொலைகார ஊர் மாதிரித் தெரியும்.

இதைச் சரிசெய்யத்தான் வயதுச் சீராக்கம் என்று ஒன்று செய்கிறார்கள். ஒவ்வொரு வயதுப் பிரிவின் விகிதத்தையும் தனியாக எடுத்து, 2000-ஆம் ஆண்டு அமெரிக்காவில் எந்த வயதில் எத்தனை பேர் இருந்தார்களோ அந்தக் கலவையில் பொருத்துவார்கள். எல்லாக் கவுண்டியையும் ஒரே படியில் அளப்பது போல. அப்படி அளந்தால் சம்டர் கவுண்டி பயமுறுத்துவதில்லை. யூனியன் கவுண்டிக்கு மட்டும் இந்த மருந்து பலிக்காது. அங்கே சிக்கல் வயது அல்ல, நோயாளியாகவே வந்து சேர்வது.

லட்சம் என்றதும் ஒரு பழைய சிரிப்பு. ஆங்கிலத்தில் 'நூறு ஆயிரம் பேருக்கு இத்தனை' என்று சுற்றி வளைப்பார்கள். நமக்கு அதற்கென்றே ஒரு சொல் இருக்கிறது என்று கூட வேலை பார்த்தவர்களிடம் சொன்னேன். அப்புறம் இரண்டு பேர் ஓய்வறையில் லட்சம் லட்சம் என்றே பேசினார்கள்.

கேள்வி: டாலஹாசியில் குடியிருந்துகொண்டு லிபர்ட்டி கவுண்டியில் ஒரு பள்ளியில் கணக்கு சொல்லித் தருகிறேன். மாணவர்களுக்குப் பயிற்சியாக எங்கள் கவுண்டியின் புற்றுநோய் எண்களை எடுத்தோம். பல இடத்தில் எண்ணே இல்லை, நட்சத்திரக் குறிதான். மீதி இடத்தில் 'நிலையாக உள்ளது' என்று போட்டிருக்கிறது. நல்ல செய்திதானே? (கணித ஆசிரியை)

பதில்: கணக்கு டீச்சர் கேட்டதால் கணக்காகவே சொல்கிறேன். லிபர்ட்டியில் சுமார் 8,000 பேர், ஃபுளோரிடாவின் 67 கவுண்டிகளில் மிகச் சின்னது. ஓர் ஆண்டு 5 பேருக்கு நுரையீரல் புற்றுநோய் என்றால் லட்சத்துக்கு 62.5. அடுத்த ஆண்டு 8 பேர் என்றால் லட்சத்துக்கு 100. மூன்றே மூன்று பேர் கூடியதற்கு, '60 சதவீதம் உயர்வு' என்று ஒரு தலைப்பு தயார்! அதனால்தான் ஐந்து ஆண்டுகளைச் சேர்த்துச் சராசரி போடுகிறார்கள். அந்த ஐந்து ஆண்டிலும் சேர்த்து 16 நோயாளிகளுக்குக் குறைவு என்றால் எண்ணைக் காட்டுவதே இல்லை, நட்சத்திரம்தான். ஏன் 16? அதன் வர்க்கமூலம் 4. நாலில் ஒரு பங்கு, அதாவது 25 சதவீதம் அளவுக்கு எண் தானாகவே ஆடும். அதற்குமேல் ஆடும் எண்ணை வெளியிட மனம் வராது. சின்ன ஊரில் இன்னாருக்கு இன்ன நோய் என்று பக்கத்து வீட்டுக்காரர் ஊகித்துவிடக் கூடாது என்பதும் ஒரு காரணம்.

'நிலையாக உள்ளது' என்பதைத்தான் எல்லோரும் தப்பாகப் படிக்கிறார்கள். மாற்றம் இல்லை என்று அதற்குப் பொருள் கிடையாது. ஏறுகிறது, இறங்குகிறது என்று அடித்துச் சொல்லும் அளவுக்கு ஆள் எண்ணிக்கை போதவில்லை என்பதுதான் பல நேரங்களில் பொருள். சின்னக் கவுண்டிகள் கிட்டத்தட்ட எல்லாமே எப்போதும் 'நிலையாக' இருப்பதன் ரகசியம் அது.

இன்னும் இரண்டு பள்ளங்களை மாணவர்களுக்குக் காட்டுங்கள். 2020-இல் எண்கள் சட்டென்று இறங்கும். கொரோனாவில் மருத்துவமனைப் பக்கமே யாரும் வராததால் நோய் கண்டுபிடிக்கப்படவில்லை, அவ்வளவே. போக்குக் கணிக்கும்போது அந்த ஆண்டைப் புள்ளியியல்காரர்களே தள்ளிவைக்கிறார்கள். அடுத்தது ஆண்களுக்கு வரும் புராஸ்டேட் சுரப்பிப் புற்றுநோய். அதைத் தேடும் பிஎஸ்ஏ ரத்தச் சோதனையை எல்லோருக்கும் செய்ய வேண்டாம் என்று 2012-இல் அமெரிக்கத் தடுப்பு மருத்துவக் குழு பரிந்துரைத்தது. சோதனை குறைய, புதிய நோயாளிகளின் எண்ணிக்கையும் குறைந்தது. 2018-இல் 55 முதல் 69 வயதுக்காரர்கள் மருத்துவரிடம் பேசி முடிவெடுக்கட்டும் என்று மாற்றினார்கள். தேடினால்தானே கிடைக்கும்! காப்பீடும் ஓய்வும் உள்ளவர்கள் அதிகம் வாழும் கடற்கரைக் கவுண்டிகளில் தேடல் அதிகம்.

கேள்வி: எல்லா எண்ணுக்கும் ஒரு சாக்கு சொல்கிறீர்களே, அப்புறம் எதற்கு இந்தப் பதிவேடு? (புள்ளியியல் மாணவர், மதுரை)

பதில்: நியாயமான குத்தல்தான் தம்பி. பதிவாளராக வந்த முதல் வருடம் எனக்கும் இதே கேள்வி. நாள் முழுக்க நோயியல் அறிக்கை, அறுவை சிகிச்சைக் குறிப்பு எல்லாம் படித்து, உறுப்புக்கு ஒரு குறியீடு போடுவேன்: மார்பகம் சி50, நுரையீரல் சி34. அப்புறம் திசு வகை, எந்த நிலை, நோய் கண்ட நாளில் எங்கே குடியிருந்தார். கடைசியாகச் சொன்ன விலாசம்தான் என்னைப் பாடாய்ப் படுத்தியது. ஒரு தடவை ஒரு முதியவருக்கு, கட்டணச் சீட்டில் இருந்த மகள் வீட்டு விலாசத்தையே போட்டுவிட்டேன். அவர் வீடோ வேறு கவுண்டி. தரச் சோதனையில் பிடிபட்டு ஆவணம் திரும்பி வந்தது. என் கையால் ஒரு மனிதர் கவுண்டி மாறியிருப்பார். லிபர்ட்டி மாதிரி இடத்தில் ஒரு ஆள் என்பது சின்னச் சமாச்சாரமா?

அப்படிப் பொறுக்கிச் சேர்த்த எண்தான் நுரையீரல் விஷயத்தில் சரியாகப் பேசுகிறது. வடக்கே கிராமப்புறக் கவுண்டிகள் உயரே நிற்கும். 27 லட்சம் பேர் வாழும் மயாமி-டேட் தாழ நிற்கும். மயாமியில் காற்று தேன் மாதிரி என்பதால் அல்ல, அங்கே புகைப்பவர்கள் குறைவு. சிகரெட் கம்பெனிகளோடு 1997-இல் ஃபுளோரிடா அரசு வழக்கைத் தீர்த்துக்கொண்டபோது வந்த பணத்தில், 1998-இல் இளைஞர்களுக்கான புகைப்பழக்க எதிர்ப்புப் பிரசாரம் தொடங்கியது. 2002-இல் மக்கள் வாக்களித்து, 2003 முதல் உள்ளரங்கப் பணியிடங்களில் புகைக்கத் தடை வந்தது. பலன் உடனே தெரியாது. இன்றைக்கு வரும் நுரையீரல் நோயாளி இருபது முப்பது வருடத்துக்கு முன்னால் பற்றவைத்தவர். எந்தக் கவுண்டியில் இறக்கம் தாமதமாகிறது என்று பார்த்து ஆள் அனுப்ப இந்த எண்தான் உதவும்.

மறுபக்கமும் உண்டு. பெரிய கவுண்டியின் சராசரி சின்ன ஊரின் வேதனையை விழுங்கிவிடும். பாம் பீச் கவுண்டியில் பத்து லட்சத்துக்கு மேல் மக்கள். அதன் மேற்கே அக்ரேஜ் என்ற குடியிருப்பில் குழந்தைகளுக்கு மூளைக்கட்டி அதிகம் வருவதாக 2009-இல் பெற்றோர் குரல் எழுப்பினார்கள். மாநிலச் சுகாதாரத் துறை ஆராய்ந்து, எதிர்பார்ப்பதைவிட அதிகம்தான் என்று 2010-இல் ஒப்புக்கொண்டது. மண்ணையும் கிணற்று நீரையும் சோதித்தும் இதுதான் காரணம் என்று எதையும் சுட்டிக்காட்ட முடியவில்லை. கவுண்டி வரைபடத்தில் தேடினால் அக்ரேஜ் கண்ணிலேயே படாது. அங்கே முதலில் எண்ணியவர்கள் அம்மாக்கள்.

கேள்வி: கடற்கரையில் வேலை பார்க்கும் என் கணவருக்குத் தோல் புற்றுநோய் என்று மூக்கில் சின்னதாக வெட்டி எடுத்தார்கள். அவரும் உங்கள் கணக்கில் இருக்கிறாரா? (வாசகி, ஜாக்சன்வில்)

பதில்: 'பேசல் செல்' அல்லது 'ஸ்குவாமஸ் செல்' என்று அறிக்கையில் இருந்தால், இல்லை. இந்த இரண்டும் எண்ணி மாளாத அளவுக்கு வருவதால் தோலில் வரும்போது பதிவேடுகள் சேர்ப்பதில்லை. மெலனோமா என்ற தீவிரமான தோல் புற்றுநோய் என்றால் கண்டிப்பாக உண்டு. கணவருக்கு அகல விளிம்புத் தொப்பி வாங்கிக் கொடுங்கள். பேஸ்பால் தொப்பி காதை மறைக்காது.

கேள்வி: ஆர்லாண்டோவில் மகன் வீட்டுக்கு ஆறு மாத விசாவில் போன என் மனைவிக்கு அங்கே மார்பகப் புற்றுநோய் கண்டுபிடித்தார்கள். சென்னைக்குத் திரும்பி சிகிச்சை எடுக்கிறோம், நன்றாக இருக்கிறாள். அமெரிக்க மருத்துவமனையில் விலாசம் விலாசம் என்று குடைந்தார்கள். விசாவுக்கு ஏதாவது வம்பு வருமா? (வாசகர், சென்னை)

பதில்: அவர் நன்றாக இருக்கிறார் என்பதில் மகிழ்ச்சி. வம்பு ஒன்றும் வராது. குடைந்தது என்னைப் போன்ற ஆளுக்காகத்தான் இருக்கும். வழக்கமாக எங்கே வசிக்கிறாரோ அதுதான் விலாசம் என்பது விதி. குளிர்காலத்துக்கு மட்டும் ஃபுளோரிடா வரும் நியூயார்க் தாத்தாவுக்கும் அதேதான். அவர் வருடத்தில் பெரும்பகுதி நியூயார்க்கில் இருந்தால் நியூயார்க் கணக்கு. பதிவேடுகள் தங்களுக்குள் தகவல் மாற்றிக்கொள்வார்கள். உங்கள் மனைவியின் ஆவணத்தில் நாடு என்ற இடத்தில் இந்தியா என்று போயிருக்கும். ஆர்லாண்டோ இருக்கும் ஆரஞ்ச் கவுண்டியின் விகிதத்தில் அவர் சேரமாட்டார். பதிவேட்டு விவரம் விசா அலுவலகத்துக்குப் போவதும் இல்லை.

சென்னையில் 1980களின் தொடக்கத்திலிருந்தே நகரவாசிகளுக்கென்று ஒரு புற்றுநோய்ப் பதிவேடு நடக்கிறது. அங்கிருந்து யாராவது கோப்பைப் பார்க்க வந்து, நோய் முதலில் எந்தத் தேதியில் தெரிந்தது என்று கேட்டால், சென்னையில் சிகிச்சை தொடங்கிய தேதியைச் சொல்லாதீர்கள். ஆர்லாண்டோ அறிக்கையில் உள்ள தேதியைக் கொடுங்கள். அந்தத் தாளின் நகல் ஒன்றைக் கோப்பின் மேலேயே வைத்திருங்கள்.