ஐந்து அறைகளுக்கு ஒரே டிஷ்: வாங்குவதற்கு முன் கேட்க வேண்டியவை

கேள்வி: எங்கள் வீடு இரண்டு தளங்கள் கொண்டது. இதுவரை கூடத்தில் உள்ள தொலைக்காட்சிக்கு மட்டுமே டிஷ் இணைப்பு இருந்தது. அண்மையில் மாடியறைக்கு இரண்டாவது செட்-டாப் பாக்ஸ் வாங்கினோம். இணைக்க வந்தவர், புதிதாகக் கேபிள் இழுக்க வேண்டியதில்லை, ஒரு ஸ்பிளிட்டர் போதும் என்று சொல்லி, டிஷ்ஷிலிருந்து வரும் கேபிளை இரண்டாகப் பிரித்துக் கொடுத்துவிட்டுப் போனார். அவர் இருந்தவரை இரண்டு அறைகளிலும் படம் தெளிவாகத் தெரிந்தது. இப்போதோ கீழே யாராவது சேனலை மாற்றினால் சில நேரங்களில் மேலே ‘சிக்னல் இல்லை’ என்று வருகிறது. சில நேரங்களில் ஒன்றும் ஆவதில்லை. ஸ்பிளிட்டர் பழுதா? மீதமுள்ள மூன்று அறைகளுக்கும் இணைப்பு கொடுக்க எண்ணியிருக்கிறோம்.

பதில்: ஸ்பிளிட்டர் பழுதாக இருக்க வாய்ப்பு குறைவு. அது தன் வேலையைச் சரியாகவே செய்கிறது. அந்த வேலை இந்த இடத்துக்குப் பொருந்தாது என்பதுதான் சிக்கல்.

கேபிள் தொலைக்காட்சியிலும் பழைய கூரை ஆன்டெனாவிலும் எல்லாச் சேனல்களும் ஒரே நேரத்தில் ஒரே கம்பியில் வந்துகொண்டிருக்கும். ஆகவே தண்ணீர்க் குழாயில் கிளை வைப்பதுபோல் எத்தனை அறைகளுக்கு வேண்டுமானாலும் பிரித்துக்கொள்ளலாம். வலு குறைந்தால் ஓர் ஆம்ப்ளிஃபையர் வைத்தால் முடிந்தது. அந்தப் பழக்கத்தில் வந்தவர்கள் டிஷ்ஷுக்கும் அதையே செய்கிறார்கள். டிஷ்ஷின் கதை வேறு.

வீட்டு டிஷ்களில் பெரும்பாலானவற்றுக்குச் செயற்கைக்கோளிலிருந்து வரும் அலைகள் 10.7 முதல் 12.75 கிகாஹெர்ட்ஸ் வரையிலான கேயூ பட்டையைச் சேர்ந்தவை. இவ்வளவு உயர்ந்த அதிர்வெண் சாதாரணக் கேபிளில் சிறிது தூரம்கூடத் தாங்காது என்பதால், டிஷ்ஷின் முன்கையில் பொருத்தியிருக்கும் எல்.என்.பி. என்ற சிறு கருவி அதை 950 முதல் 2150 மெகாஹெர்ட்ஸ் வரையிலான வரம்புக்கு இறக்கி வீட்டுக்குள் அனுப்புகிறது. அலைகள் செங்குத்து, கிடைமட்டம் என இரண்டு திசைகளில் அதிர்ந்தபடி வருகின்றன. ஒவ்வொரு திசையிலும் கீழ்ப்பட்டை, மேல்பட்டை என இரண்டு பகுதிகள் உண்டு. இந்த நான்கு பகுதிகளும் சேர்ந்து ஒரு கேபிளின் வரம்புக்குள் அடங்குவதில்லை. ஆகவே ஒரு நேரத்தில் ஒரு பகுதிதான் கீழே இறங்குகிறது. எது இறங்க வேண்டும் என்று கட்டளையிடுவது உங்கள் செட்-டாப் பாக்ஸ்: அது கேபிள் வழியாக 13 வோல்ட் அனுப்பினால் செங்குத்து, 18 வோல்ட் அனுப்பினால் கிடைமட்டம், கூடவே 22 கிலோஹெர்ட்ஸ் சைகை ஒன்றை அனுப்பினால் மேல்பட்டை, அனுப்பாவிட்டால் கீழ்ப்பட்டை. சில சேவைகள் இந்த நான்கையும் பயன்படுத்துவதில்லை. ஆனால் பாக்ஸ் கேட்க, எல்.என்.பி. கொடுக்கும் முறை இதுதான்.

இப்போது உங்கள் வீட்டில் நடப்பது விளங்கும். இரண்டு பாக்ஸ்கள் ஒரே எல்.என்.பி.யின் ஒரே வாய்க்குக் கட்டளையிடுகின்றன. கூடத்தில் 18 வோல்ட் கேட்கும் சேனலும் மாடியில் 13 வோல்ட் கேட்கும் சேனலும் வைத்தால், கூடுதல் வோல்ட் வென்றுவிடும். மாடியில் படம் போய்விடும். இரண்டு பேரும் ஒரே பகுதியில் உள்ள சேனல்களைப் பார்க்கும்போது சண்டை இல்லை. இணைத்தவர் இரண்டு அறையிலும் ஒரே சேனலை வைத்துக் காட்டியிருப்பார் என்றே நினைக்கிறேன். அப்படிச் சோதித்தால் எந்த ஸ்பிளிட்டரும் தேறிவிடும்.

எனவே வேறு ஸ்பிளிட்டர் வாங்காதீர்கள், ஆம்ப்ளிஃபையரும் வாங்காதீர்கள். எந்தக் கருவி என்று யோசிப்பதற்கு முன், எத்தனை அறைகளில் ஒரே நேரத்தில் வெவ்வேறு சேனல் பார்க்க வேண்டியிருக்கிறது என்பதை வீட்டில் உட்கார்ந்து பேசி ஓர் எண்ணாக எழுதிக்கொள்ளுங்கள். தொலைக்காட்சிகளை எண்ணாமல், பாக்ஸுக்குள் சேனலைப் பிடித்துத் தரும் பகுதியான டியூனர்களை எண்ண வேண்டும். ஒன்றைப் பார்த்துக்கொண்டே இன்னொன்றைப் பதிவு செய்யும் பாக்ஸ் இருந்தால், அதற்குள் இரண்டு டியூனர்கள் இருக்கும். வழக்கமான முறையில் அதற்கு இரண்டு கேபிள்கள் வேண்டும்.

அந்த எண் 4 வரை இருந்தால் நான்கு வாய் கொண்ட குவாட் எல்.என்.பி. போதும். பழைய எல்.என்.பி.யைக் கழற்றிவிட்டு அதே டிஷ்ஷில் இதைப் பொருத்தி, ஒவ்வொரு வாயிலிருந்தும் ஒவ்வொரு அறைக்குத் தனிக் கேபிள் இழுக்க வேண்டும். ஒவ்வொரு வாயும் தன் அறையின் கட்டளையை மட்டுமே கேட்கும் என்பதால் ஒருவர் சேனல் மாற்றுவது மற்றவரைத் தொடாது. எட்டு வாய் கொண்ட ஆக்டோ எல்.என்.பி.யும் உண்டு, உங்கள் ஐந்து அறைகளுக்கு அது கணக்குக்குச் சரி. ஆனால் டிஷ்ஷிலிருந்து ஐந்து கேபிள்களைக் கொத்தாகச் சுவரில் இறக்குவதற்கு மனம் ஒப்ப வேண்டும். ஒப்பாவிட்டால் மல்டிஸ்விட்ச் பக்கம் போகலாம்.

கேள்வி: மல்டிஸ்விட்ச் என்றால் என்ன? அதற்கும் குவாட் எல்.என்.பி.தான் வேண்டும் என்கிறார் கடைக்காரர்.

பதில்: இங்கேதான் வாங்குவோர் அதிகம் ஏமாறுகிறார்கள், பெரும்பாலும் யாரும் ஏமாற்றாமலேயே. குவாட் என்றும் குவாட்ரோ என்றும் இரண்டு எல்.என்.பி.கள் உண்டு. இரண்டுக்கும் நான்கு வாய்கள். பெட்டியில் படமும் ஒன்றுபோல இருக்கும். குவாட்டின் ஒவ்வொரு வாயும் கேட்டதைக் கொடுக்கும். குவாட்ரோவின் ஒவ்வொரு வாயும் மேலே சொன்ன நான்கு பகுதிகளில் ஒன்றை மட்டும் எப்போதும் கொடுத்துக்கொண்டே இருக்கும். யார் என்ன கேட்டாலும் மாறாது. இந்த நான்கையும் வாங்கிக்கொண்டு, ஒவ்வோர் அறையும் கேட்பதைத் தானே தேர்ந்து அனுப்புவதுதான் மல்டிஸ்விட்ச். அதில் எட்டு, பன்னிரண்டு, பதினாறு என வெளிவாய்கள் இருக்கும். பலவற்றில் சாதாரண ஆன்டெனாவுக்கென்று ஐந்தாவது உள்வாயும் இருக்கும்.

குவாட்ரோவை மல்டிஸ்விட்ச் இல்லாமல் நேரடியாக அறைகளுக்குக் கொடுத்தால், ஒவ்வோர் அறையிலும் சேனல்களில் ஒரு பகுதி மட்டுமே தெரியும். குவாட்டை மல்டிஸ்விட்சில் இணைக்க வேண்டுமென்றால், அந்த மல்டிஸ்விட்ச் தானே வோல்ட்டும் 22 கிலோஹெர்ட்ஸ் சைகையும் அனுப்பி நான்கு வாய்களுக்கும் கட்டளையிடக்கூடியதாக இருக்க வேண்டும். குவாட்டுக்குப் பொருந்தும் என்று அதன் விவரத்தாளில் எழுதியிருக்கும். எழுதியிருக்காவிட்டால் குவாட்ரோவைக் கேட்டு வாங்குங்கள். கடைக்காரர் சொல்வது தவறு என்று நான் சொல்லவில்லை. அவர் எந்த மல்டிஸ்விட்சைக் கையில் வைத்துக்கொண்டு சொன்னார் என்பதைப் பொறுத்தது அது.

மல்டிஸ்விட்சுக்கு மின் இணைப்பு வேண்டும் என்பதால் அதை எங்கே வைப்பது என்பதை முதலில் தீர்மானியுங்கள். மழையும் வெயிலும் படாத, காற்றோட்டமுள்ள, ஏணியில்லாமல் எட்டக்கூடிய ஓர் இடம் நல்லது. டிஷ்ஷிலிருந்து அங்கே நான்கு கேபிள்கள் வரும். அங்கிருந்து அறைக்கு ஒன்றாகப் பிரிந்து போகும். நாளை ஆறாவது அறைக்கு வேண்டுமென்றால் மாடியேற வேண்டியதில்லை. ஐந்து அறைகளுக்கும் தனித்தனிப் பாக்ஸ் என்பது உறுதியானால் நான் இதையே பரிந்துரைப்பேன்.

கேள்வி: சுவர்களை உடைக்க முடியாத வீடு. ஏற்கெனவே ஒரு கேபிள்தான் உள்ளே வருகிறது. வழியே இல்லையா?

பதில்: வழி இருக்கிறது, ஆனால் உங்கள் பாக்ஸ் அதற்கு இசைய வேண்டும். ஒற்றைக் கேபிள் முறை என்று சொல்லப்படும் இதில், தனிவகை எல்.என்.பி.யோ மல்டிஸ்விட்சோ ஒவ்வொரு பாக்ஸுக்கும் கேபிளுக்குள் ஒரு தனி அதிர்வெண்ணை ஒதுக்கி, அது கேட்கும் சேனலை அந்த இடத்தில் வைத்து அனுப்புகிறது. இ.என். 50494 என்ற தரத்தின்படி ஒரு கேபிளில் 8 பயனர்கள் வரையிலும், பின்னால் வந்த இ.என். 50607 தரத்தின்படி 32 வரையிலும் இருக்கலாம். இந்த முறையில் மட்டும் ஸ்பிளிட்டருக்கு மரியாதை திரும்பக் கிடைக்கிறது. எல்லா வாய்களிலும் மின்னோட்டத்தை விடும், இதற்கென்றே செய்த ஸ்பிளிட்டராக இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

பாக்ஸின் அமைப்புப் பட்டியலில் ஒற்றைக் கேபிள், யூனிகேபிள் அல்லது எஸ்.சி.ஆர். என்ற தேர்வு இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் இந்த வழி உங்களுக்கு இல்லை. இருந்தால், ஒவ்வோர் அறைக்கும் வெவ்வேறு பயனர் எண்ணைக் கொடுத்து, எந்த அறைக்கு எந்த எண் என்பதை ஒரு தாளில் எழுதி வையுங்கள். ஒரே எண்ணை இரண்டு பாக்ஸ்களுக்குக் கொடுத்தால் பழைய ஸ்பிளிட்டர் சண்டை மீண்டும் தொடங்கிவிடும்.

கேள்வி: இரண்டு அறைகளில் எப்போதும் ஒரே நிகழ்ச்சியைத்தான் பார்க்கிறோம். அதற்கும் இரண்டு பாக்ஸ் வேண்டுமா?

பதில்: வேண்டாம். ஒரு பாக்ஸின் எச்.டி.எம்.ஐ. வெளியீட்டை எச்.டி.எம்.ஐ. ஸ்பிளிட்டர் மூலம் இரண்டு தொலைக்காட்சிகளுக்கும் கொடுக்கலாம். பத்து மீட்டருக்கு மேல் போக வேண்டுமானால் சாதாரண எச்.டி.எம்.ஐ. கம்பியை நம்பாமல், கணினி வலையமைப்புக்குப் பயன்படும் கேட்-6 கேபிள் வழியாக அனுப்பும் எக்ஸ்டெண்டர் வாங்குங்கள். இரண்டாவது அறையிலிருந்து சேனல் மாற்ற வேண்டுமென்றால் ரிமோட்டின் அகச்சிவப்புக் கதிரைத் திருப்பி அனுப்பும் வசதி அந்த எக்ஸ்டெண்டரில் உண்டா என்று கேளுங்கள். இல்லாவிட்டால் ஒவ்வொரு முறையும் எழுந்து நடக்க வேண்டியிருக்கும். ஒரு தொலைக்காட்சி 4கே, மற்றது பழையது என்றால், பல ஸ்பிளிட்டர்கள் இரண்டுக்கும் பொதுவான குறைந்த தரத்துக்குப் படத்தை இறக்கிவிடும் என்பதையும் கவனியுங்கள்.

கேள்வி: அறைகள் கூடினால் பெரிய டிஷ் வேண்டுமா?

பதில்: வேண்டியதில்லை. டிஷ்ஷின் அளவு செயற்கைக்கோளின் வலுவையும் நீங்கள் இருக்கும் இடத்தையும் பொறுத்தது. அறைகளின் எண்ணிக்கையைப் பொறுத்ததல்ல. ஆனால் எல்.என்.பி.யைக் கழற்றுவதற்கு முன் அது எந்தக் கோணத்தில் திருகியிருக்கிறது என்று மார்க்கர் பேனாவால் குறித்துக்கொள்ளச் சொல்லுங்கள். புதியது அதே கோணத்தில் உட்காராவிட்டால் சிக்னல் தரம் குறையும். அது மழை நாளில்தான் வெளியே தெரியும்.

கேள்வி: கேபிளில் தரம் பார்ப்பது எப்படி? எல்லாம் ஒன்றுபோலத் தெரிகின்றன.

பதில்: நல்ல கேள்வி, ஏனென்றால் எல்.என்.பி.யைப் பிற்பாடு மாற்றலாம், சுவருக்குள் போன கேபிளை மாற்ற முடியாது. 75 ஓம் ஆர்.ஜி.-6 வகைதான் டிஷ்ஷுக்கு உரியது. மெல்லிய ஆர்.ஜி.-59 வேண்டாம். ஆர்.ஜி.-6இலும்கூட மேல் அதிர்வெண்ணில் 100 மீட்டருக்குச் சுமார் 30 டெசிபல் இழப்பு ஏற்படும். வழியில் தேவையற்ற இணைப்புகள் வைத்தால் அதற்கு மேலும் இழப்பு. ஆகவே அறைக்கு ஒரே துண்டாக இழுக்கச் சொல்லுங்கள்.

நடுக்கம்பி முழுச் செம்பாக இருப்பது நல்லது, எல்.என்.பி.க்கு வேண்டிய மின்சாரமும் அதே கம்பியில்தான் போகிறது. கடையில் ஒரு சிறு காந்தத்தை நடுக்கம்பியில் வைத்துப் பாருங்கள். ஒட்டினால் அது செம்பு பூசிய எஃகு. குறுகிய தூரத்துக்குப் போதும், நீண்ட தூரத்தில் வோல்ட் இறங்கி 18 வோல்ட் சேனல்கள் தடுமாறக்கூடும். ஒட்டாவிட்டால் கத்தியால் மேற்பரப்பைச் சுரண்டுங்கள். உள்ளே வெள்ளி நிறம் தெரிந்தால் அது செம்பு பூசிய அலுமினியம். முனையில் போடும் எஃப் கனெக்டரில், வெளி வலையின் ஓர் இழைகூட நடுக்கம்பியைத் தொடக் கூடாது. நான் பார்த்த ஒரு வீட்டில் இரண்டு பாக்ஸ்களை மாற்றிய பிறகுதான் ஒரு முடி அளவு இழை கண்ணில் பட்டது.

கேள்வி: கூடுதல் இணைப்புக்கு ஒப்புக்கொள்வதற்கு முன் சேவை நிறுவனத்திடம் என்ன கேட்க வேண்டும்?

பதில்: ஒவ்வொரு கூடுதல் பாக்ஸுக்கும் மாதக் கட்டணம் எவ்வளவு, முதல் பாக்ஸில் உள்ள அதே தொகுப்பைத்தான் எடுக்க வேண்டுமா, ஓர் அறைக்கு மட்டும் சிறிய தொகுப்பு எடுக்கலாமா என்று கேளுங்கள். பாக்ஸ் உங்களுக்குச் சொந்தமா, இணைப்பை விட்டால் திருப்பித் தர வேண்டுமா என்பதையும் எழுத்தில் வாங்குங்கள். ஒரு பாக்ஸின் அட்டையை இன்னொன்றில் செருகிப் பார்த்துக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். அட்டையும் பாக்ஸும் பெரும்பாலும் ஒன்றோடொன்று பிணைக்கப்பட்டிருக்கும். எப்போதோ பயன்படும் விருந்தினர் அறைக்குப் பாக்ஸே வேண்டுமா என்றும் யோசியுங்கள். வீட்டில் நல்ல இணைய இணைப்பு இருந்து, அந்த நிறுவனத்துக்குச் செயலியும் இருந்தால் அதுவே போதும்.

வேலை முடிந்தது என்ற தாளில் கையெழுத்திடுவதற்கு முன் எல்லாப் பாக்ஸ்களையும் ஒன்றாக இயக்கச் சொல்லுங்கள். பல பாக்ஸ்களில், சிக்னல் விவரத் திரை ஓடும் சேனல் செங்குத்தா கிடைமட்டமா என்று காட்டும். ஓர் அறையில் செங்குத்துச் சேனலும் மற்ற அறைகளில் கிடைமட்டச் சேனலும் வைத்து ஐந்து நிமிடம் விட்டுவிட்டு, பிறகு அறைகளை மாற்றி அதையே மறுபடி செய்யுங்கள். எந்தத் திரையும் இருளாவிட்டால் கையெழுத்திடலாம்.