கர்ப்பப்பை எடுத்ததுல இருந்து வாய் காயுது, ஏன் டாக்டர்?

கேள்வி: குடியாத்தம், வயசு 46. ரெண்டு வருஷம் முன்னாடி கர்ப்பப்பை ஆபரேஷன் ஆச்சு. அதுல இருந்து வாய் வறண்டே கெடக்குது, சப்பாத்தி தண்ணி இல்லாம எறங்கல. புளிப்பு மிட்டாய் சப்பிக்கினே இருக்கேன். வீட்ல எல்லாரும் வெயிலுதான்னு சொல்றாங்க.

பதில்: அம்மா, நம்ம வேலூர் வெயில் மேல எல்லாப் பழியும் போடுறது வழக்கம்தான், ஆனா மார்கழியிலயும் வாய் காஞ்சா வெயில் என்ன பண்ணும்? மொதல்ல டிஸ்சார்ஜ் சம்மரிய எடுத்துப் பாருங்க, கர்ப்பப்பை மட்டும் எடுத்தாங்களா, கூட ரெண்டு சினைப்பையையும் எடுத்தாங்களான்னு. என்கிட்ட வர்றவங்கள்ல பாதிப் பேருக்கு இது தெரியாது, "எல்லாத்தையும் எடுத்துட்டாங்க சார்"னு முடிச்சுடுவாங்க. ஈஸ்ட்ரோஜன்ங்கிற பொம்பளைங்க ஹார்மோன் பெரும்பாலும் சுரக்குறது சினைப்பைலதான், அது போயிட்டா, இயல்பா மாதவிலக்கு நிக்கும்போது வருஷக்கணக்குல மெதுவா கொறையுறது ஒரே நாள்ல விழுந்துடும். எச்சில் சுரப்பி செல்லுங்கள்லயும் ஈஸ்ட்ரோஜன வாங்கிக்கிற ரிசெப்டர் இருக்கு, அதனால ஹார்மோன் போனா சில பேருக்கு எச்சில் கொறஞ்சு கெட்டியாவும் ஆகுது, நாக்கு எரியுது. சாதாரணமா ஒரு நாளைக்கு அரை லிட்டர்ல இருந்து ஒன்றரை லிட்டர் வரைக்கும் ஊறணும். உங்க கேஸ்ல நான் பக்கத்துல இருந்தா பல் டாக்டரோட அந்தக் குட்டிக் கண்ணாடிய கன்னத்து உள்பக்கம் வெச்சு இழுத்துப் பாப்பேன், வழுக்காம ஒட்டிக்கிச்சுன்னா எச்சில் கம்மி.

ஆனா எல்லாத்தையும் ஹார்மோன் மேலயே தள்ளிட முடியாது. சுகர் டெஸ்ட் பாத்தீங்களா? தூக்கத்துக்கு, நரம்பு வலிக்குன்னு அமிட்ரிப்டிலின், சளிக்குன்னு செட்டிரிசின் இப்படி ஏதாவது தினம் போடுறீங்களா? இதுங்களே வாயக் காய வெச்சுடும். கண்ணும் மண்ணு விழுந்தாப்புல உறுத்துச்சுன்னா, மூட்டும் வலிச்சா, ஷோகிரன் நோய்க்கு, அதாவது உடம்போட எதிர்ப்பு சக்தியே எச்சில், கண்ணீர் சுரப்பிய தாக்குற நோய்க்கு, ரத்த டெஸ்ட் எடுக்கணும், அது பெரும்பாலும் உங்க வயசுப் பொம்பளைங்களுக்குத்தான் வருது.

அந்தப் புளிப்பு மிட்டாய இன்னிக்கே தூக்கிப் போடுங்க. எச்சில்தான் பல்லுக்குக் காவல், அது இல்லாத வாயில சக்கரையும் புளிப்பும் சேந்தா ஈறு ஓரமா பல் வேர் கடகடன்னு சொத்தையாகும். சக்கரை இல்லாத சூயிங்கம், மொடக்கு மொடக்கா தண்ணி, ஃப்ளூரைடு பேஸ்ட். வெத்தல பாக்கு, பொயல வேணாம்.

ஹார்மோன் மாத்திரை போட்டா எச்சில் திரும்பிடும்னு நான் வாக்கு குடுக்க மாட்டேன், வாய்க்காக மட்டும் அதப் போடுறதும் இல்ல. ஆனா 44 வயசுலயே சினைப்பை போயிருந்தா ஈஸ்ட்ரோஜன் இல்லாம எலும்பு தேயாம இருக்குறதுக்காகவாவது மகப்பேறு டாக்டர்கிட்ட அந்த சம்மரியோட போய்ப் பேசுங்க, போகும்போது தெனமும் சாப்புடுற மாத்திர அட்டையெல்லாம் ஒரு பையில போட்டு எடுத்துக்கினு போங்க.